எண்ணப்பட்டவர்களும் எண்ணுகிறவர்களும்

ஒரு சாஸ்திரத்தைக் கற்க விரும்புகிறவனுக்கு நூல் கிடைப்பதே அரிதாயிருந்த காலம் போய், கிடைக்கிற நூல்களில் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று அவன் திகைத்து நிற்கும் காலம் வந்திருக்கிறது. கணிதத்தையும் அதன் இளைய கிளையாகிய புள்ளியியலையும் பொறுத்தவரையில் இந்தத் திகைப்பு இன்னும் அதிகம். பேராக் நதியின் முகத்துவாரத்துக்கும் சிலாங்கூர் எல்லையாக ஓடுகிற பெர்ணம் ஆற்றுக்கும் நடுவே, தென்னையும் செம்பனையும் சூழ்ந்து கிடக்கிற பாகான் டத்தோவில் வீட்டு வாசலில் உட்கார்ந்தபடியே, மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் கில்பர்ட் ஸ்டிராங் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதி எழுதி நேரியல் இயற்கணிதம் நடத்துவதை, ஒரு காசு செலவில்லாமல் நம் பெண் ஒருத்தி கைப்பேசியில் பார்க்கலாம். அந்தக் கழகம் தன் பாடங்களை உலகுக்கெல்லாம் இலவசமாகத் திறந்துவிடுவதாக அறிவித்தது 2001இல். அதன் பின்பு அதைப் பார்த்து மற்றவர்களும், அவர்களைப் பார்த்து வேறு பலரும் திறந்துவிட்ட பண்டசாலைகளுக்குக் கணக்கே இல்லை.

ஆயினும் சாதனம் கைக்கு எட்டுவது வேறு, வித்தை மனத்தில் ஊன்றுவது வேறு. பார்த்துக்கொண்டிருக்கும்போது எல்லாம் புரிந்தது போலவே இருக்கும். கருவியை மூடி வைத்துவிட்டு வெற்றுத் தாளில் அதே கணக்கைத் தானாகப் போட முயன்றால், இரண்டாவது வரியிலேயே கை நின்றுவிடும். கணிதத்தில் கேட்டதும் பார்த்ததும் கல்வியாவதில்லை, போட்டதுதான் கல்வியாகிறது. ஆகையால் எந்த நூல் உயர்ந்தது, எந்தப் பேராசிரியர் சிறந்தவர் என்ற விசாரத்துக்கு முன்னால், கற்கிறவனிடம் அவனுடையதென்று சொல்லத்தக்க ஒரு கேள்வி இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். அந்தக் கேள்வி நம் வட்டாரத்தில் வேண்டிய அளவுக்கு மேலேயே கிடக்கிறது என்பதுதான் எனக்கு விசேஷமாகத் தோன்றுகிறது.

தோட்டங்களில் உழைத்த நம் முன்னோர்களைப் பிறர் எண்ணிக் கணக்கெடுக்காத நாளே கிடையாது. விடிவதற்கு முன்னால் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டார்கள். வந்தவர் யார், வராதவர் யார் என்று கிராணி செக்ரோல் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். ஆளுக்கு இத்தனை மரம் என்று நிரை பிரித்துக் கொடுத்தார்கள். பறித்த காயை எண்ணினார்கள், உலர்ந்த கொப்பரையை நிறுத்தார்கள். டேனிஷ் பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906இல் தொடங்கிய ஜெண்டராட்டா தோட்டமானாலும் சரி, கரையோரத்தில் இருந்த மற்றத் தோட்டங்களானாலும் சரி, கணக்குப் புத்தகம் இல்லாமல் ஒரு நாளும் நடந்ததில்லை. 1921இலும் 1931இலும் மலாயாவில் ஜனக்கணக்கு எடுத்த அதிகாரிகளும் தமிழரை இனவாரியாகவும் ஊர்வாரியாகவும் பிரித்து, கனத்த புத்தகங்களில் பத்தி பத்தியாக அடுக்கிவைத்தார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923இல் வந்த தொழிலாளர் சட்டம் சொன்னபோது, அந்தப் பிள்ளைகளுக்கும் கணக்கு வந்தது. ஆனால் வந்தது கூட்டலும் கழித்தலும் வாய்பாடும்தான். தோட்டத்து லாபநஷ்டத்தையும் சாவையும் நோயையும் எண்களாக்கிப் பார்க்கிற கணக்கு ஆபீஸ் கதவுக்கு உள்ளேயே இருந்துவிட்டது.

அந்த உள்கணக்கு எவ்வளவு வலிமையுடையது என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் உண்டு. நூற்றாண்டின் தொடக்கத்தில் கிள்ளானில் பணியாற்றிய மால்கம் வாட்ஸன் என்ற வைத்தியர், மலேரியா எந்தத் தோட்டத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அறிய ஒரு சுலபமான அளவையைக் கையாண்டார். குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, இடது விலாவுக்குக் கீழே விரல்களால் அழுத்தி, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. நூற்றுக்கு எத்தனை பேருக்கு வீக்கம் என்று தோட்டத்தின் பெயருக்கு எதிரே எழுதுவது. அந்த எண்ணையும், தோட்டம் சதுப்புக்கும் காட்டுக்கும் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது நோயின் போக்கு துலங்கிற்று. கடலோரத் தாழ்நிலத்தில் காட்டை வெட்டி வடிகால் எடுத்த இடங்களில் காய்ச்சல் தணிந்தது. அதையே மலைப்பாங்கான தோட்டங்களில் செய்தபோது தணியவில்லை. ஏனெனில் அங்கே நோய் பரப்புகிற கொசு வேறு ஜாதி, அது நிழல் நீங்கி வெயில் விழுகிற தெளிந்த ஓடையிலேயே முட்டையிடுவது. எல்லாத் தோட்டங்களையும் ஒன்றாகக் கூட்டி ஒரு சராசரி எடுத்திருந்தால் இந்த உண்மை மறைந்தே போயிருக்கும். நிலத்தின் தன்மையால் பிரித்துப் பார்த்ததனால்தான் வெளிப்பட்டது. 1911இல் அவர் வெளியிட்ட நூலில் இதெல்லாம் இருக்கிறது. வரிசையில் நின்ற குழந்தைகளில் ஒருவருக்காவது, தன் வயிற்றைத் தொட்டு எழுதப்பட்ட எண் எங்கே போய் என்ன செய்தது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய கடமை அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு இருக்கிறது.

புள்ளியியலின் அடிப்படைத் தத்துவம் ஒன்று எழுத்தறியாத வெட்டுக்காரர்களுக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது என்பதை ரப்பர் பால் நிறுக்கிற கொட்டகையில் நின்றவர்கள் ஒப்புக்கொள்வார்கள். வாளியில் எத்தனை காலன் பால் என்பது மட்டும் கூலியைத் தீர்மானிப்பதில்லை. அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்பதே விஷயம். அதற்காகக் கிராணி ஒரு சிறு கிண்ணத்தில் பாலை மொண்டு, நீர் கலந்து, மெட்ரோலாக் என்கிற மிதவைக் கண்ணாடிக் குழலை அதில் விட்டு, அது எந்தக் கோடு வரையில் அமிழ்கிறது என்று படிப்பார். ரப்பர் சத்து மிகுந்த பால் லேசானது. நீர் மிகுந்தது கனம். மொள்வதற்கு முன்னால், “ஐயா, அடிவரைக்கும் நல்லாக் கலக்கிட்டு எடுங்க” என்று கேட்கிறவர் கூறெடுப்பின் முதல் விதியையே கேட்கிறார்: சிறு பங்கைக் கொண்டு முழுமையை மதிப்பிடலாம், ஆனால் முழுமையின் ஒவ்வொரு துளிக்கும் அந்தக் கிண்ணத்தில் வந்து விழச் சமமான வாய்ப்பு இருந்தால் மட்டுமே. கலக்காமல் மேலாக மொண்ட பாலும், டவுனில் கடைத்தெருவோடு போகிறவர்களை மட்டும் நிறுத்திக் கேட்டு ‘ஜனங்களின் அபிப்பிராயம்’ என்று வெளியிடுகிற கருத்துக்கணிப்பும் ஒரே குற்றத்துக்கு ஆளானவை. ஆயிரம் பக்கப் புத்தகம் தருகிற நிரூபணம் பின்னால் வரட்டும். இந்தப் பிரத்தியட்சம் முன்னால் இருந்தால் அந்த நிரூபணத்துக்கு மனம் இடம் கொடுக்கும்.

நம்முடைய பழைய கணித நூல்களையும் இந்தப் பார்வையோடுதான் திறக்க வேண்டும் என்பது என் துணிபு. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனனம் செய்த பிள்ளை அடுத்து எட்டிப் பார்த்த உலகம் காரி நாயனாருடைய ‘கணக்கதிகாரம்’. அதில் பலாப்பழத்தை வெட்டாமலே சுளையின் எண்ணிக்கையைச் சொல்ல ஒரு வழி இருக்கிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்துவிட வேண்டும். இதைக் கேட்டவுடன் முன்னோரின் ஞானம் என்று மெய்சிலிர்க்கிறவர்கள் ஒரு சாரார். மூடத்தனம் என்று சிரிக்கிறவர்கள் ஒரு சாரார். இரு சாராரும் ஒரு பழத்தையும் வெட்டிப் பார்ப்பதில்லை. கம்பத்து வீடுகளின் பின்புறத்தில் நங்கா மரத்துக்கா பஞ்சம்? பருவத்தில் வெட்டுகிற பழம் ஒவ்வொன்றிலும் முதலில் முள்ளை எண்ணி, விதியின்படி கணித்து, பிறகு சுளையை எண்ணி, முள்ளின் எண்ணிக்கை, சுளையின் எண்ணிக்கை இரண்டையும் கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளியாக வைத்துக்கொண்டே வந்தால், பருவம் முடிவதற்குள் புள்ளிகள் ஒரு கோட்டை அண்டி நிற்கின்றனவா, சிதறிக் கிடக்கின்றனவா என்று தெரிந்துபோகும். அண்டி நின்றால் அந்தக் கோட்டின் சரிவு ஐந்துக்கு ஆறா, வேறா என்று கேட்கலாம். சிதறினால் விதியைப் பற்றிய பெருமையை மரியாதையாக விட்டுவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்ஸிஸ் கால்டன் பட்டாணி விதைகளையும் பெற்றோர் பிள்ளைகளின் உயரத்தையும் வைத்துக்கொண்டு செய்த வேலை இதுதான். தொடர்புப் போக்கு என்று பாடநூல்கள் அச்சமூட்டுகிற அத்தியாயம் அதிலிருந்து பிறந்தது. கணக்கதிகாரம் விதியைத் தருகிறது, காரணத்தைத் தருவதில்லை. காரணத்தையும் நம்பகத்தையும் சோதிக்கிற முறையைப் புள்ளியியல் தருகிறது. இரண்டும் ஒரே மேஜையில் இருக்க வேண்டியவை.

நூலின் உயர்வுக்கும் அது விளைவிக்கிற பலனுக்கும் நேரான சம்பந்தம் இல்லை என்பதற்குக் கும்பகோணத்து ராமானுஜனைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. பதினைந்து பதினாறு வயதில் அவர் கைக்கு வந்த ஜி. எஸ். கார் என்பவரின் தொகுப்பு நூல், கேம்பிரிட்ஜ் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற தனிப் போதகர் ஒருவர், சில ஆயிரம் சூத்திரங்களை வரிசையாக எண்ணிட்டு அடுக்கி, நிரூபணத்தைப் பெரும்பாலும் சுருக்கியோ விட்டுவிட்டோ எழுதிய ஒரு குறிப்புப் புத்தகம். அது விட்டுவைத்த இடமே அவருக்கு வெளியாயிற்று. காகிதம் விலை கொடுத்து வாங்க முடியாததனால் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு சூத்திரத்தையும் தாமே நிறுவினார். இதைப் படித்துவிட்டு நம் பிள்ளையின் கையிலும் காரைக் கொடுக்கலாம் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது; சாதாரண மாணவனை அது மிரட்டி விரட்டிவிடும். கொள்ள வேண்டிய பாடம் வேறு. எல்லாவற்றையும் விளக்கித் தீர்த்துவிட்டு, வாசகனுக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்காத நூல், எத்தனை வண்ணப்படங்களோடு வந்தாலும், கற்பிக்கிற நூல் ஆகாது.

வேலை வாங்குகிற நூல்கள் நம்மவர்களே எழுதியவையும் உண்டு. டி. சுந்தர ராவ் 1893இல் சென்னையில் வெளியிட்ட காகித மடிப்பு வடிவகணித நூல், கவராயமும் அளவுகோலும் இல்லாமல், ஒரு சதுரத் தாளை மடித்து மடித்தே ஐங்கோணத்தையும் அறுகோணத்தையும் வளைவரைகளையும் வருவித்துக் காட்டுகிறது. ஜெர்மானிய மேதை பெலிக்ஸ் கிளைன் அதைக் கண்டு பாராட்டிக் குறிப்பிட்டதனால் அமெரிக்காவிலும் அச்சேறிற்று, இன்றும் கிடைக்கிறது. சென்னை முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணித ஆசிரியராயிருந்து, ராமானுஜனின் கடிதங்களையும் அவரைப் பற்றிய நினைவுகளையும் தேடித் தொகுத்து வெளியிட்ட பி. கே. ஸ்ரீநிவாசன், சுவரில் தொங்குகிற நாட்காட்டியைக் கொண்டே எண்களின் ஒழுங்கைக் கற்பிக்க ஒரு சிறு நூல் எழுதினார். நாட்காட்டியின் எந்த இடத்திலும் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது தேதிகளைக் கட்டமிட்டுக் கூட்டிப் பாருங்கள். நடுவிலுள்ள எண்ணின் ஒன்பது மடங்கு வரும். ஏன் வருகிறது என்று கேட்கிற பிள்ளைக்கு இயற்கணிதம் அப்போதே பிறந்துவிட்டது. மளிகைக் கடையில் புத்தாண்டுக்கு இனாமாகக் கொடுக்கிற நாட்காட்டியை விட மலிவான உபகரணம் ஏது?

புள்ளியியலுக்கு இத்தகைய தொடக்க நூல் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1919 முதல் பணியாற்றிய ஆர். ஏ. பிஷர் 1935இல் எழுதிய ‘சோதனைகளின் அமைப்பு’ என்ற நூலின் இரண்டாம் அத்தியாயத்தைச் சொல்வேன்; முழு நூலை அல்ல, அது தொடக்கக்காரனுக்குக் கடினம். தேநீரில் பாலை முதலில் ஊற்றினார்களா, பின்னால் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்று ஒரு பெண்மணி சொன்னால் அதை எப்படிச் சோதிப்பது என்பதே அந்த அத்தியாயம். எட்டுக் கோப்பை, நான்கில் பால் முந்தி, நான்கில் பால் பிந்தி, சீட்டுக் குலுக்கினாற்போல் வரிசை. எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க எழுபது வழிகள் இருப்பதனால், வெறும் ஊகத்தால் நான்கும் சரியாக அமைவது எழுபதில் ஒரு தரம்தான். தேத்தண்ணிக் கடையில் நண்பர்கள் பந்தயம் கட்டிச் செய்யக்கூடிய சோதனை இது. ஆனால் ஒரு மருந்து வேலை செய்கிறதா, ஓர் உரம் பலன் தருகிறதா என்று உலகம் இன்று கேட்கிற கேள்வியெல்லாம் இதன் வழியில்தான் கேட்கப்படுகிறது. ஆராய்ச்சியாளர்களுக்கான பிஷரின் முதல் புள்ளியியல் நூல் வெளிவந்த 1925லேயே மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் நிறுவப்பட்டது. பிறகு அந்தக் கழகத்தின் ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ஒட்டுரகங்களைத் தோட்டமெங்கும் நட்டார்கள். ஒரு ரகம் மற்றொன்றைவிடக் கூடுதலாகப் பால் தருகிறது என்று சொல்ல வேண்டுமானால், மண்ணின் வேற்றுமையால் வந்த வித்தியாசத்தையும் ரகத்தின் வேற்றுமையால் வந்த வித்தியாசத்தையும் பிரித்தறிய வேண்டும். அதற்கே நிலத்தைத் துண்டு துண்டாக வகுத்து, எந்தத் துண்டில் எந்த ரகம் என்பதைக் குலுக்கலுக்கு விடுகிற முறை. தென்னையில் குட்டை ரகத்தையும் பிலிப்பைன்ஸின் தக்னானன் நெட்டை ரகத்தையும் கலந்து வந்த ‘மாத்தாக்’ கன்றுகளை நடுகிற குடும்பங்கள் நம் வட்டாரத்தில் இருக்கின்றன. காய்ப்பு உண்மையாகவே அதிகமா என்று தங்கள் மரங்களை எண்ணிப் பார்க்கிற பிள்ளை, பிஷரின் கேள்வியையே கேட்கிறான்.

பாஷையைப் பற்றி ஒரு கஷ்டம் உண்டு. அதை மறைப்பதில் லாபமில்லை. தமிழ்ப்பள்ளியில் தமிழிலும், இடைநிலைப்பள்ளியில் மலாயிலும், மேற்படிப்பில் ஆங்கிலத்திலுமாக நம் பிள்ளை கணிதத்தை மூன்று தரம் தொடங்க வேண்டியிருக்கிறது. கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்திலேயே நடத்துவதென்று 2003இல் தொடங்கிய திட்டத்தைக் கைவிடுவதாக 2009இல் அரசாங்கம் அறிவித்தபோது, இடையில் அகப்பட்ட வகுப்புகள் பட்ட குழப்பம் பெற்றோருக்கு நினைவிருக்கும். இதற்கு ஒரு பரிகாரம் பக்கத்து நாடுகளில் இருக்கிறது. தமிழ்நாட்டின் மேல்நிலை வகுப்புக்குப் புள்ளியியல் ஒரு தனிப் பாடம். கூறெடுப்பு, நிகழ்தகவு, ஒட்டுறவு, குறியீட்டெண் எல்லாம் அடங்கிய தமிழ்ப் பாடநூலை யாரும் விலையின்றி இறக்கிக்கொள்ளலாம். இலங்கையிலும் உயர்தரக் கணிதத்தைத் தமிழிலேயே படிக்கிறார்கள், பரீட்சையும் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டு நூலில் இலக்கணமும் வாய்பாடும் சற்று மிகுதி, உதாரணங்கள் ரூபாயிலும் குவிண்டாலிலும் வருகின்றன என்ற குறைகள் உண்டெனினும், ஐந்தாம் படிவத்தில் மலாயில் புரியாமல் நின்ற ஓர் இடம் அங்கே தாய்மொழியில் இரண்டு பக்கத்தில் விளங்கிவிடுவதுண்டு. கணிதத்திலும் புள்ளியியலிலும் ஊன்றிய தமிழர்கள் எங்கெங்கோ சேர்ந்திருக்கிறார்கள்: சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்து, மகலநோபிஸ் 1931இல் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்த எஸ். ஆர். ஸ்ரீநிவாச வரதன் 2007இல் ஏபெல் பரிசு பெற்றார். இலங்கைத் தமிழராகிய சி. ஜே. எலியேசர் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே கணிதப் பேராசிரியராயிருந்தார். 

அடுத்தபடியாக, எண்கள். முன்பு ஆபீஸ் கதவுக்கு உள்ளேயிருந்த கணக்குகளில் பெரும்பகுதி இன்று வெளியே வந்துவிட்டது. மலேசியப் புள்ளிவிவரத் துறை தன் கணக்கெடுப்புகளை ஓப்பன் டோசம் என்ற பெயரில் யாரும் எடுத்தாளும்படி வைத்திருக்கிறது. மாவட்டம், நாடாளுமன்றத் தொகுதி, சட்டமன்றத் தொகுதி என்று பிரித்துக் காட்டுகிற வசதியும் உண்டு. 2017இல் ஹிலிர் பேராக்கிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பாகான் டத்தோவுக்கும் அதில் இடமிருக்கிறது. குடும்ப வருமானத்துக்கு ஒரு சராசரியும், எல்லாக் குடும்பங்களையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கிற குடும்பத்தின் வருமானமும் என இரண்டு எண்கள் தரப்படுவதைப் பார்க்கிற மாணவன், முதலாவது ஏன் பெரிதாயிருக்கிறது என்று யோசிக்கட்டும். சில பெரிய வருமானங்கள் சராசரியைத் தூக்கிவிடும், நடுவில் நிற்கிற குடும்பத்தை அசைக்காது என்று அவன் தானே கண்டுகொள்வானானால், மேடையில் சொல்லப்படுகிற எந்த எண்ணும் அவனை இனி எளிதில் ஏமாற்றாது. இவ்வளவு லாபம் தருகிற பாடத்தைப் பரீட்சையின் ஒரு கேள்வியாக மட்டும் கருதி ஒதுக்குவது பெரிய நஷ்டம்.

கேள்வியும் நூலும் எண்களும் இருந்தும் தனிமையில் படிக்கிறவன் சோர்ந்துவிடுகிறான். ராமானுஜனும் தனியாக இருந்த காலத்தில், ஐரோப்பாவில் முன்பே கண்டறிந்தவற்றை மறுபடி கண்டறிவதில் வருஷங்களைச் செலவிட்டார், பரீட்சைகளிலும் தவறினார். அவரை உலகத்தோடு சேர்த்துவைத்த சங்கிலியின் முதற்கண்ணிகளில் ஒன்று, டிப்டி கலெக்டராயிருந்த வி. ராமசுவாமி ஐயர் 1907இல் தொடங்கிய ஒரு சிறு கணிதக் கழகம். தனித்தனியே வாங்க முடியாத வெளிநாட்டுப் பத்திரிகைகளையும் நூல்களையும் சந்தா சேர்த்துக் கூட்டாக வாங்கி, ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குத் தபாலில் அனுப்பி, ஒருவர் படித்ததும் அடுத்தவருக்குப் போகும்படி செய்வதே அதன் ஏற்பாடு. அந்தக் கழகத்தின் பத்திரிகையில்தான் 1911இல் ராமானுஜனின் முதல் கட்டுரை வெளியாயிற்று. அதுவே இந்தியக் கணிதச் சங்கமாக இன்றும் இருக்கிறது. அதைத் தொடங்கியவர் பேராசிரியரல்ல, வருவாய்த்துறை உத்தியோகஸ்தர் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பத்திரிகையைத் தபாலில் அனுப்புகிற சிரமம் நமக்கு இல்லை. கூடி உட்காருகிற சிரமம் மட்டும்தான். ஊத்தான் மெலிந்தாங்கிலோ தெலுக் இந்தானிலோ, கோயில் மண்டபமோ பள்ளி வகுப்பறையோ கிடைக்கிற இடத்தில், வாரத்தில் ஒரு மாலை, ஓர் ஆசிரியரும் நாலைந்து பிள்ளைகளும் கூடினால் போதும். தமிழ்நாட்டுப் புள்ளியியல் நூல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு பகுதிக்கு மேல் போக வேண்டாம். பயிற்சிக் கணக்கை எல்லோரும் தாளில் போட்டுவிட்டு வாருங்கள். அந்தப் பகுதிக்குப் பொருத்தமான ஓர் எண்தொகுதியை உங்கள் தோப்பிலிருந்தோ, பள்ளியிலிருந்தோ, புள்ளிவிவரத் துறையின் அட்டவணையிலிருந்தோ கொண்டுவாருங்கள். ஆண்டு முடிவில் உங்கள் வட்டாரத்தைப் பற்றி நீங்களே எண்ணி எழுதிய பத்துப் பக்க அறிக்கை ஒன்று கையில் இருக்கட்டும். அதை ஊரார் முன்னிலையில் படித்துக் காட்டுங்கள். தவறு இருந்தால் ஊரார் திருத்துவார்கள்.